எண்ணூர் சாம்பலும் மொட்டைமாடி சோலாரும்: கேள்வி பதில்

கரண்ட், கரி, சோலார் என்று நம் வடசென்னைக்காரர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை நான் பதில் சொல்கிறேன். மின்சார வேலையில் முப்பது வருடம் ஓட்டியவன். வீடு எர்ணாவூர்.

திருவொற்றியூரிலிருந்து: சார், எங்க வீட்டு கரண்டுக்கு எவ்வளவு நிலக்கரி எரியும்?

முழுக்க அனல்மின் நிலையத்துக் கரண்ட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி. இரண்டு மாத பில்லில் 200 யூனிட் என்றால் 140 கிலோ. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஆக, உங்கள் வீட்டுக் கணக்கில் 50 கிலோ சாம்பல், ஒரு சிமெண்ட் மூட்டை எடை. நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துவிடும் என்று பள்ளியில் பயமுறுத்தினார்கள். எனக்கென்னவோ எரித்த பிறகு மிஞ்சுவதுதான் பயம்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து: அண்ணே, சாம்பல் புகையோடதானே போகும்? ஆத்துக்குள்ள எப்படி வருது? இறால் பிடிச்ச இடமெல்லாம் இப்ப முழங்கால் தண்ணிதான்.

சாம்பல் இரண்டு வகை, தம்பி. லேசான தூளைப் புகைபோக்கிக்குப் போகும் வழியிலேயே மின்புலம் வைத்துப் பிடித்துவிடுவார்கள். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போவது பெரும்பாலும் அதுதான். கொதிகலனின் அடியில் விழும் கனமான சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் துருப்பிடித்து ஒழுகினால் அந்தக் குழம்பு கொசஸ்தலை ஆற்றில்தான் இறங்கும். பல வருடம் அப்படி ஒழுகியதில்தான் படுகை மேடாகிவிட்டது. இறாலுக்குச் சேறு வேண்டும். மேலே சாம்பல் ஒரு அடுக்கு படிந்தால் அது எங்கே போய்ப் புதையும்? சாம்பலில் பாதரசம், ஆர்சனிக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இயந்திரத்தைக் குளிரவைத்த வெந்நீர் வேறு வந்து சேர்கிறது.

1970-இல் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரின் 1,500 மெகாவாட்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மூடினால் புகை அன்றே நிற்கும். சாம்பலை யாராவது அள்ளினால்தான் உண்டு.

ராயபுரத்திலிருந்து: ஈ.வி. ஸ்கூட்டரும் கரிக் கரண்டுலதானே சார்ஜ் ஆகுது? அப்ப என்ன லாபம்?

நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை-ஆக்சைடு. 45 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம். நம் நாட்டுக் கரண்டில் காற்றாலை, சோலார் எல்லாம் கலந்து சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ சொச்சம். ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் ஓடினாலும் பாதிதான் வரும். ஆனால் ஒன்று: ராயபுரத்தில் குறைகிற புகையில் ஒரு பங்கு அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டில் வெளியே வருகிறது.

மணலியிலிருந்து: கல்பாக்கம் அணுமின்சாரம் புதுப்பிக்கத்தக்கதா?

இல்லை. அதன் எரிபொருளான யுரேனியமும் கரி மாதிரி தோண்டி எடுப்பதுதான். புகை கிடையாது, கழிவை ஆயிரக்கணக்கான வருடம் காவல் காக்க வேண்டும்.

கொடுங்கையூரிலிருந்து: குப்பையை எரிச்சு கரண்ட் எடுக்கறது பசுமைன்னு சொல்றாங்களே அண்ணா?

தினமும் வருவதால் அரசுப் பட்டியலில் குப்பையும் புதுப்பிக்கத்தக்கதுதான். எனக்கு ஒப்புதல் இல்லை. நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். சாம்பார் மிச்சமும் வாழை இலையும் எங்கே எரியும்? நன்றாக எரிவது பிளாஸ்டிக், அது பெட்ரோலியத்தின் பிள்ளை. சூடு குறைந்தால் டையாக்சின் விஷம் வரும், சாம்பலும் மிஞ்சும். மக்கும் குப்பையில் சாண எரிவாயு மாதிரி வாயு எடுப்பது எவ்வளவோ மேல்.

காசிமேட்டிலிருந்து: கடல்காத்து இங்கயும் அடிக்குதே, காற்றாலை வைக்கக் கூடாதா?

காற்றாலைகள் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் மலைக் கணவாய் காற்றைக் குவித்து அனுப்புகிறது, இங்கே அது இல்லை. அங்கேயும் மே முதல் செப்டம்பர் வரைதான் வேகம். சூரியனோ சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். நாம் ஏசி போடுவது அதற்கப்புறம். பேட்டரி பெருகும்வரை அந்த நேரத்துக்குக் கரியைத்தான் எரிப்பார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, மாடியில சோலார் போடலாமா? கரண்ட் கட்டானாலும் ஃபேன் ஓடுமா?

போடலாம்மா. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும், நாளுக்குச் சராசரி 4 யூனிட் வரும். 2024-இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கு ரூ.78,000 மானியம். ஆனால் பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்த்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. விற்பவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பேனலும் 25 வருடத்தில் குப்பைதான். 2022-இன் மின்கழிவு விதிகளில் அதையும் சேர்த்துவிட்டார்கள், அதனால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உப்புக் காற்றுக்குச் சாதா இரும்புச் சட்டம் தாங்காது, துத்தநாகம் பூசியதாகக் கேளுங்கள். நம் பக்கம் கரித்தூசி அதிகம், வாரம் ஒரு தடவையாவது கழுவ வேண்டும். காலை ஆறு மணிக்கே மாடி ஏறிவிடுங்கள். மதியம் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.