காத்திருந்த காலத்தை எந்தக் குழுவில் சேர்ப்பது?

சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பதிவான நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட்டு, சிறுநீரக மாற்று பெற்றவர்களையும் பெறாதவர்களையும் இரு குழுக்களாகப் பிரித்துக் கப்ளான்-மேயர் வளைகோடு (காலப்போக்கில் உயிரோடு இருப்போரின் விகிதத்தைக் காட்டும் கோடு) வரைந்ததாகவும், முதல் குழுவின் கோடு நம்ப முடியாத அளவுக்கு மேலே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஐயம் நியாயமானதே. மாற்று பெறுபவர் அந்நாள் வரை உயிரோடு இருந்தாக வேண்டும். காத்திருக்கும்போதே இறந்தவர்கள் அனைவரும் தாமாகவே இரண்டாம் குழுவில் விழுந்துவிடுகிறார்கள். இரு கோடுகளையும் ஒப்பிடும் லாக்-ராங்க் சோதனையின் பி மதிப்பு எவ்வளவு சிறியதாயினும், முதல் குழுவுக்குச் சாதகமான இந்தச் சாய்வு நீங்காது.

ஸ்டான்ஃபோர்டு இதய மாற்று ஆய்வில் இதே சிக்கலை 1972-இல் மிட்செல் கெயில் சுட்டிக்காட்டினார். 1977-இல் க்ரௌலியும் ஹூவும் அந்தத் தரவைக் காலத்தோடு மாறும் மாறி கொண்ட காக்ஸ் மாதிரியால் (இறப்பு அபாயத்தை ஒப்பிடும் புள்ளியியல் மாதிரி) ஆராய்ந்தார்கள். நீங்களும் மாற்று பெற்ற ஒவ்வொருவருக்கும் அறுவை நாள் வரை மாற்று பெறாதவராக ஒரு வரி, அதன்பின் பெற்றவராக மற்றொரு வரி எனத் தரவைப் பிரித்து, தொடக்கம், முடிவு, இறப்பு நிலை ஆகியவற்றைத் தனித்தனி நெடுவரிசைகளில் இடுங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் சர்வைவல் (survival) தொகுப்பிலுள்ள டிமெர்ஜ் (tmerge) என்ற கட்டளை இதைச் செய்துதரும். கையால் செய்தால் தேதிகளில் தவறு நேர்வது எளிது.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் இறப்பு அபாயம் கூடிப் பின்னர் குறைவதால், ஒரே அபாய விகிதத்தோடு (மாற்று பெற்றவரின் இறப்பு அபாயம் பெறாதவருடையதைப்போல் எத்தனை மடங்கு என்பது) நிறுத்திவிடாமல், அக்காலத்துக்குத் தனி விகிதம் மதிப்பிடுங்கள்.