சும்மா நின்னவர் – ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள சார்,

போன வாரம் எழுதினதுல ஸ்லோவாக்கியாவோட ஐஸ் ஹாக்கி வீரர் ஹாராவ "உழைப்பால மேல வந்தவர்"னு ஒரே வரில சொல்லிட்டு போயிட்டீங்க. நான் டொரண்டோல பதினாறு வருஷமா இருக்கேன், இந்த ஊர் ஹாக்கி டீம் மேப்பிள் லீஃப்ஸோட ரசிகன். 2013 மே 13 ராத்திரிய சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். பாஸ்டன் டீமுக்கு எதிரா ப்ளேஆஃப் (நாக்-அவுட்) தொடர், அவங்க ஊர்லயே கடைசியான ஏழாவது மேட்ச், கடைசி பீரியட்ல நாங்க 4-1ல முன்னாடி இருந்தோம். 4-4 ஆன கோல் உள்ள போகும்போது பாஸ்டனுக்கு ஆடின இந்த ஆள் எங்க கோலி (கோல்கீப்பர்) ரைமர் முன்னாடி மரம் மாதிரி சும்மா நின்னான், அவ்வளவுதான். ஓவர்டைம்ல தோத்தோம். ஆறடி ஒன்பது அங்குலம் உயரம் இருந்தா அதை யார் வேணா செய்யலாமே, இதுல உழைப்பு எங்க வந்துச்சு?

ஒரு வாசகர், டொரண்டோ

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ராத்திரி உங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு புரியுது. ஆட்டம் முடிய 51 செகண்ட் இருக்கும்போது பாஸ்டனோட பெர்ஜெரான் அடிச்ச கோல் அது, அதுக்கு அரை நிமிஷம் முன்னாடிதான் லூச்சிச் 4-3 ஆக்கியிருந்தார், ஓவர்டைம்லயும் பெர்ஜெரானே முடிச்சு வச்சார். ரைமருக்கு பக் (பந்துக்கு பதிலா ஆடற ரப்பர் வட்டு) தெரியலங்கறது உண்மை, மறைச்சுக்கிட்டு நின்னது ஹாராங்கறதும் உண்மை. ஆனா "உயரம் இருந்தா யார் வேணா"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா உக்காந்து எழுதறேன். ஏன்னா அந்த மனுஷன் சின்ன வயசு முழுக்க கேட்டது இதுக்கு நேர் எதிரான பேச்சு. நீ ரொம்ப உயரம், உன்னால ஐஸ்ல ஆட முடியாது, பாஸ்கெட்பால் பக்கம் போயிடுன்னுதான் அவர்ட்ட சொன்னாங்க.

1977ல ட்ரென்ச்சீன்ல பிறந்தவர். வாஹ் ஆத்தங்கரைல, பாறை மேல கோட்டை இருக்கற சின்ன ஊர். அந்த ஊர் டீம் டுக்லா ட்ரென்ச்சீன்லேர்ந்து வந்தவங்க பேரைச் சொன்னா நீங்களே ஆச்சரியப்படுவீங்க, டெமித்ரா, மரியான் ஹோசா, காபோரிக் எல்லாம் அங்க ஆடினவங்கதான். ஹாராவோட அப்பா கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இறங்கினவர். பையனுக்கு உடம்பை தயார் பண்ற ஒழுக்கம் அங்கேர்ந்துதான் வந்துச்சு. ஊர்ல அவர் மேல பெருசா நம்பிக்கை வைக்காததால ப்ராக் போய் ஸ்பார்ட்டாவோட ஜூனியர் டீம்ல ஆடினார். 1996ல என்.எச்.எல்.ங்கற வட அமெரிக்க ஹாக்கி லீக்கோட டிராஃப்ட்ல, அதாவது டீமெல்லாம் புது ஆட்களை வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தப்போ அவருக்கு முன்னாடி 55 பேரை எடுத்து முடிச்சிருந்தாங்க. அந்த வருஷமே கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியாவோட வடக்குல இருக்கற ப்ரின்ஸ் ஜார்ஜுக்கு போய் ஜூனியர் லீக்ல ஒரு சீசன் ஆடினார். பத்தொன்பது வயசு, புது நாடு, புது பாஷை.

உயரம் ஏன் கஷ்டம்னு கேளுங்க. ஹாரா மாதிரி டிஃபென்ஸ் ஆடறவனுக்கு பாதி வேலை பின்பக்கமா ஸ்கேட் பண்றது. எதிர்ல அஞ்சடி பத்து அங்குலத்துல ஒருத்தன் முழு வேகத்துல வருவான், கடைசி நொடில இடுப்பை ஒரு பக்கம் காட்டிட்டு மறுபக்கம் போவான், இவர் அதே நொடில பின்னாடி போறதை நிறுத்தி திரும்பி துரத்தணும். நீளமான காலும் மேல ஏறின எடையும் இருக்கறவனுக்கு அந்த திருப்பம்தான் எமன். அதுக்கு ஒரே வழி முட்டிய மடக்கி தாழ உக்காந்த மாதிரியே ஆடறது, 206 சென்டிமீட்டர் உடம்பை வச்சுக்கிட்டு ஒரு ராத்திரிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் அப்படி ஆடி பாத்தா தொடையும் கீழ் முதுகும் என்ன ஆகும்னு யோசிங்க. என்.எச்.எல். வரலாறுலயே இவரை விட உயரமானவர் யாரும் ஆடினதில்ல, உயரம் மட்டும் போதும்னா ஏன் வேற யாரும் வரல? கை நீளம், ஸ்டிக்கும் நீளம், அது வரம்தான், நான் மறுக்கல. ஆனா அந்த வரத்தை உபயோகப்படுத்தற இடத்துக்கு காலை கொண்டு போறதுக்கே அவருக்கு பல வருஷம் ஆச்சு.

ஐலண்டர்ஸ் பொறுக்கல. 2001ல ஒட்டாவா டீமோட யாஷின்ங்கற வீரருக்காக ஹாராவையும் இன்னொரு ஆளையும் டிராஃப்ட்ல ரெண்டாவது இடத்தையும் சேர்த்து ஒட்டாவாவுக்கு குடுத்துட்டாங்க, அந்த இடத்துல ஒட்டாவா எடுத்தது ஸ்பெட்ஸாங்கற பையனை. யாஷினுக்கு பத்து வருஷ ஒப்பந்தம் போட்டு 2007ல பணம் குடுத்து அனுப்பி வச்சாங்க. சரி, ஒட்டாவாவாவது புரிஞ்சுக்கிச்சா? 2006ல ஹாரா, இன்னொரு டிஃபென்ஸ்மேன் ரெட்டன் ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்னு வந்தப்போ அவங்க ரெட்டனை வச்சுக்கிட்டாங்க. இவர் பாஸ்டன் போனார், அஞ்சு வருஷத்துக்கு 37.5 மில்லியன் டாலர், வந்த உடனே கேப்டன். முதல் சீசன் மோசம், டீம் ப்ளேஆஃபுக்கே போகல, அவரோட ப்ளஸ்-மைனஸ் கணக்கு (அவர் ஐஸ்ல இருக்கும்போது டீம் அடிச்ச கோல்லேர்ந்து வாங்கின கோலைக் கழிக்கறது) மைனஸ் 21. மூணாவது சீசன்ல, 2009ல, லீக்கோட சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் ட்ராஃபி வாங்கினார்.

எனக்கு அவர்ட்ட ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பாஸ்டன் லாக்கர் ரூம்ல "ரூக்கி"ங்கற வார்த்தையவே அவர் ஒத்துக்கல. பல டீம்ல புதுப் பையனை சீண்டறது, எடுபிடி வேலை வாங்கறது ஒரு வழக்கம். இவர் ரூம்ல பதினெட்டு வயசுக்காரனும் நாப்பது வயசுக்காரனும் ஒண்ணு. ஒதுக்கப்பட்டவன் தலைவனா ஆனா பழைய கணக்கை தீர்க்கறதைத்தான் நாம நிறைய பாத்திருக்கோம், இவர் அந்த கணக்கையே கிழிச்சு போட்டார். அதே ரூம்லதான் பெர்ஜெரானும் மார்ஷண்டும் வளர்ந்தாங்க, பின்னாடி ரெண்டு பேருமே கேப்டனானாங்க.

ஒரு விஷயத்தை மறைச்சு எழுத எனக்கு மனசு வரல. 2011 மார்ச்ல மாண்ட்ரியல்ல எதிர் டீம் பாச்சியோரெட்டிய இவர் ஐஸ் ஓரத்து பலகைச் சுவர் பக்கமா இடிச்சப்போ, அந்த பையனோட தலை கண்ணாடி முடியற இடத்துல இருக்கற தூண்ல மோதி கழுத்து எலும்புல முறிவு. லீக் தடை போடல, போலீஸ் விசாரிச்சு வழக்கு போடாம விட்டாங்க. வேணும்னே செஞ்சார்னு நான் நினைக்கல. ஆனா அந்த உடம்பு ஆபத்தானது, அதை நான் லேசா சொல்ல மாட்டேன்.

அதே வருஷம் ஜூன் 15, வான்கூவர்ல இறுதிச் சுற்றோட ஏழாவது மேட்ச், 4-0. பாஸ்டனுக்கு 39 வருஷத்துக்கு அப்புறம் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கப். ஐரோப்பால பிறந்து அங்கயே ஆட்டம் கத்துக்கிட்ட கேப்டன்கள்ல அந்த கப்பை ஜெயிச்ச ரெண்டாவது ஆள் இவர், முதல் ஆள் லிட்ஸ்ட்ரோம். மறு வருஷம் ஒட்டாவால ஆல்-ஸ்டார் ஸ்கில்ஸ் போட்டில மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்துல ஒரு ஸ்லாப்ஷாட் (ஸ்டிக்கை ஓங்கி அடிக்கற அடி) அடிச்சார், எந்த ஊர் ரெட்டனை வச்சுக்கிட்டு இவரை விட்டுச்சோ அதே ஊர்ல.

நாட்டுக்காக ஆடினதுல அவருக்கு ஒரு குறை உண்டு. 1993ல தனி நாடான ஸ்லோவாக்கியா, 1994ல உலக சாம்பியன்ஷிப்போட மூணாவது தட்டான சி பிரிவுலேர்ந்து ஏறி வரணும்னு வச்சாங்க, எட்டு வருஷத்துல, 2002ல, உலக சாம்பியன் ஆயிட்டாங்க. பைனல்ல ரஷ்யாவுக்கு எதிரா போன்ட்ரா அடிச்ச கோல் அந்த நாடே மனப்பாடமா வச்சிருக்கற கோல். அந்த டீம்ல ஹாரா இல்ல, ஒட்டாவா அப்போ ப்ளேஆஃப் ஆடிக்கிட்டு இருந்துச்சு, எதிர்ல உங்க டொரண்டோதான். அவர் கைல இருக்கறது 2000லயும் 2012லயும் வாங்கின ரெண்டு வெள்ளி. 2012ல அவர்தான் கேப்டன், அதுக்கு எட்டு மாசம் முன்னாடிதான் ரஷ்யாவுல நடந்த யாரோஸ்லாவ்ல் விமான விபத்துல டெமித்ரா போயிருந்தார். அந்த வெள்ளிய அதனாலயே நான் தங்கத்துக்கு கீழ வைக்கறதில்ல.

2019 ஜூன். இறுதிச் சுற்று நாலாவது மேட்ச், செயின்ட் லூயிஸ்ல, பக் அவரோட ஸ்டிக்லயே பட்டு மேல எகிறி தாடைய உடைச்சிருச்சு. வயசு 42. மூணு நாள் கழிச்சு அஞ்சாவது மேட்ச், பேச முடியாததால பத்திரிகைக்காரங்க கேள்விக்கு எழுதித்தான் பதில் குடுத்தார், ஆடுவாரான்னு யாருக்கும் தெரியல. இங்க நமக்கு விடிகாலை அஞ்சரை மணி, நான் லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தேன். முகம் முழுக்க மூடின ஹெல்மெட்டோட அவர் வந்து நின்னதும் அரங்கம் எழுந்து நின்ன அந்த சத்தம்... எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த மேட்சும் தோத்தாங்க, ஏழாவதும் தோத்தாங்க.

அடுத்த வருஷம் பாஸ்டன் சின்ன வயசுக்காரங்களை இறக்கணும்னு முடிவு பண்ணுச்சு. அவர் வாஷிங்டன் போனார், அப்புறம் தொடங்கின இடத்துக்கே, ஐலண்டர்ஸுக்கு. அங்கதான் 2022 பிப்ரவரில அதுவரைக்கும் அதிக ஆட்டம் ஆடின டிஃபென்ஸ்மேனான செலியோஸோட 1651 ஆட்டக் கணக்கை தாண்டினார். முடிச்சப்போ 1680, டிஃபென்ஸ்மேன்கள்ல அதுக்கு மேல யாரும் இல்ல. பாஸ்டனோட ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு அந்த டீம் ஆளாவே ஓய்வு அறிவிச்சார், மறு வருஷம் ஏப்ரல்ல அதே ஊர் மாரத்தானை 3 மணி 38 நிமிஷத்துல ஓடினார், 2025ல ஹால் ஆஃப் ஃபேம்.

இப்ப உங்க கோலுக்கு வரேன். கோலி முன்னாடி நிக்கறதுன்னா பின்னாடி வர்றவன் ஸ்டிக்கால முதுகுல இடிப்பான், இடுப்புல தள்ளுவான், முன்னாடிலேர்ந்து சொந்த டீம்காரன் அடிக்கற பக் நேரா உங்க மேல வரும், அதுக்கு விலகவும் கூடாது, கோலிய தொடவும் கூடாது, தொட்டா கோல் செல்லாது. அது டிஃபென்ஸ்மேனோட இடமே இல்ல, பாஸ்டன் கோலிய வெளிய எடுத்துட்டு ஆறாவது ஆளை இறக்கியிருந்துச்சு, அப்படியும் அவர் தன்னோட வழக்கமான இடமான நீலக்கோட்டை விட்டுட்டு அங்க போய் நின்னார். அந்த வீடியோவ மறுபடி பாக்கற தெம்பு வந்தா, பெர்ஜெரானை விட்டுடுங்க, பக்கையும் விட்டுடுங்க, ஹாராவோட கால் ரெண்டையும் மட்டும் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க.

அன்புடன்.