வட்டி என்று வந்தாலே பெருக்கல் விருத்தியா?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் தரம் 11 படிக்கிறாள். சூத்திரமெல்லாம் மனப்பாடம். வசனக் கணக்கு வந்தால் மட்டும் கூட்டல் விருத்தியா, பெருக்கல் விருத்தியா என்று தெரியாமல் விட்டுவிடுகிறாள். டியூஷனில் கொடுத்த டியூட்டில் (பாடக் குறிப்பில்) 'சதவீதம், வட்டி என்று வந்தால் பெருக்கல்' என்று இருக்கிறது. அப்படிப் போட்டும் பிழைக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் விசேட செமினார் வைக்கிறார்களாம், 3,000 ரூபாய். அனுப்பட்டுமா?"

அனுப்ப வேண்டாம் அம்மா. சூத்திரம் தெரிந்த பிள்ளைக்குச் செமினாரில் கிடைக்கப்போவது இன்னொரு டியூட்தான். பிழை உங்கள் மகளிடம் இல்லை. டியூட்டில் இருக்கும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சொல்லைப் பார்த்து விருத்தியை முடிவு செய்யக் கூடாது. கூடுவதோ குறைவதோ எதன் மேல் கணக்குப் பார்க்கப்படுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை கூடினால், அல்லது குறைந்தால், கூட்டல் விருத்தி. கடைசியாக வந்த தொகையின் மேல் மறுபடி அதே வீதத்தைப் போட்டால் பெருக்கல் விருத்தி.

கடையொன்றில் 20,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஒருவர் சேருகிறார் என்று வைப்போம். "ஆரம்பச் சம்பளத்தின் 10% வருஷா வருஷம் கூடும்" என்றால் 20,000, 22,000, 24,000, 26,000 என்று போகும். சதவீதம் இருக்கிறது, ஆனாலும் இது கூட்டல் விருத்தி. "முந்தைய வருஷச் சம்பளத்தின் 10%" என்றால் 20,000, 22,000, 24,200, 26,620. இது பெருக்கல் விருத்தி. முதல் இரண்டு எண்களும் இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

நம் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தையே எடுங்கள். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். 350ஐக் கூட்டினாலும் 1,350 வரும், 1.35ஆல் பெருக்கினாலும் வரும். அடுத்தது 1,700 என்றால் கூட்டல், 1,822.50 என்றால் பெருக்கல். வரிசையில் வரும் ஒவ்வோர் எண்ணும் ஓர் உறுப்பு. இரண்டு உறுப்பை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் மகள் எந்தக் கணக்கிலும் சூத்திரத்தைத் தொடுமுன் முதல் மூன்று உறுப்புகளையும் கையால் எழுதிப் பார்க்கட்டும். ஒரு நிமிஷ வேலை.

சரி, வட்டிக்கு வருவோம். வட்டிக்கு வட்டி போடும் கூட்டுவட்டியில் தொகை பெருக்கல் விருத்தியில் வளரும், அதில் சந்தேகமில்லை. எளிய வட்டியில் வருஷா வருஷம் ஒரே தொகைதான் கூடும், ஆகவே கூட்டல். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி. தரம் 11 பாடத்திலேயே வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இது பரீட்சைத் தாளில் மட்டுமில்லை, லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலுக்கும் வருகிறது.

12,000 ரூபாய்க் கடன். மாதம் 1,200 வீதம் 10 மாதத்தில் முதலைக் கட்ட வேண்டும். வட்டி மாதம் 2%. முதல் மாதம் 12,000 ரூபாய்க்கு வட்டி 240. அடுத்த மாதம் மீதி 10,800தானே, அதற்கு 216. அப்புறம் 192, 168 என்று 24 ரூபாய் வீதம் குறைந்து, கடைசி மாதம் வெறும் 24. ஒவ்வொரு தடவையும் மாறும் தொகை, அதாவது பொது வித்தியாசம், −24, சுத்தமான கூட்டல் விருத்தி. பத்து உறுப்பையும் கூட்ட 10ஐ 2ஆல் வகுத்து, முதல் மாத வட்டியும் கடைசி மாத வட்டியும் சேர்ந்த 264ஆல் பெருக்குங்கள்: 1,320 ரூபாய்.

இப்போது கடன் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டு வருபவர் சொல்வதைக் கேளுங்கள். "மாதம் ரெண்டு வீதம்தான் அக்கா, பத்து மாதம், மாதத்துக்கு 1,440 கட்டினால் போதும்." 1,440இல் 1,200 முதல், 240 வட்டி. பத்து மாதமும் அதே 240, மொத்தம் 2,400. கடைசி மாதம் நீங்கள் கொடுக்க வேண்டிய மீதி 1,200தான், அதற்கும் 240 வாங்குகிறார். அது இரண்டு வீதமா? இருபது வீதம்! குறையும் மீதிக்குப் போட்டால் 1,320, முழுத் தொகைக்கே போட்டால் 2,400. இரண்டையும் "மாதம் ரெண்டு வீதம்" என்றே சொல்லலாம் என்பதுதான் பொறி. குழுவாகச் சேர்த்து அவசரமாகக் கையொப்பம் வாங்குபவர் இந்த வித்தியாசத்தை விளக்கி நான் கேட்டதில்லை.

கூட்டல் விருத்தியைத் தரம் 10இலும் பெருக்கல் விருத்தியைத் தரம் 11இலும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷ இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத பிள்ளைக்கு எது எது என்று எப்படித் தெரியும்? கணித ஆசிரியர் இல்லாமலே பல தவணைகள் ஓடும் தோட்டப் பாடசாலைகளில் அந்த இடைவெளியை டியூட்தான் நிரப்புகிறது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியும் குறித்துக்கொள்கிறார்களே தவிர ஒன்றும் நடப்பதில்லை.

இன்னொன்று. 20ஆம் உறுப்பைக் கேட்டால் பிள்ளைகள் பொது வித்தியாசத்தை 20ஆல் பெருக்கிவிடுவார்கள். நிரையில் 2 அடிக்கு ஒரு தேயிலைச் செடி. முதல் செடியிலிருந்து 20ஆவது செடி எத்தனை அடியில் இருக்கிறது? இடைவெளி 19தான், ஆகவே 38 அடி. ஞாயிற்றுக்கிழமை மகளை நிரையில் ஒருதரம் எண்ணி நடக்கச் சொல்லுங்கள், பெருக்கல் விருத்தியிலும் அந்த ஒன்று குறையும் விஷயம் அப்படியே பொருந்தும்.

வீட்டிலோ பக்கத்து லயத்திலோ கடன் தவணை குறிக்கும் அட்டை ஏதும் இருந்தால் அதையும் அவளிடம் கொடுங்கள். முதல் மூன்று மாத வட்டியை எழுதிக் காட்டட்டும். குறைகிறதா, ஒரே தொகையாக நிற்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா என்று அவளே சொல்வாள். புதிதாக ஒரு கடனுக்குக் கையொப்பம் வைப்பதென்றால், அதற்கு முன்னாலேயே எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.