மிளகு, பொன், பறங்கி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐரோப்பியர்களின் கடல் பயணங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஆறாக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்து மிளகு போகும் வழியை அடைத்தார்கள், அதனால்தான் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்று நான் பள்ளியில் படித்தேன். இப்போது என் மகளும் அதையே படிக்கிறாள். இது சரிதானா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: நானும் பத்தாம் வகுப்பில் இதையே எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆண்டு சரி, காரணம் சரியில்லை.

மலபார் மிளகு ஐரோப்பாவுக்குப் போன முக்கியமான வழி கான்ஸ்டான்டிநோபிள் அல்ல. ஏடன், செங்கடல், கெய்ரோ என்று போய் அலெக்சாந்திரியாவில் இறங்கும். இன்னொரு பங்கு சிரியா வழியாக பெய்ரூட்டுக்கு வரும். அந்த இரண்டு துறைமுகங்களும் எகிப்தை ஆண்ட மாம்லுக் சுல்தான்களின் கையில் இருந்தன, துருக்கியர் கையில் இல்லை. எகிப்து துருக்கியரிடம் போனது 1517-ல்தான், அதாவது வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் கழித்து. 1453-க்குப் பிறகும் வெனிஸ் நகரத்துக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்குப் போய் மிளகு ஏற்றிக்கொண்டுதான் இருந்தன.

அப்புறம், கடல்வழி தேடுவது 1453-ல் தொடங்கவும் இல்லை. இத்தாலியின் ஜெனோவா நகரத்தைச் சேர்ந்த விவால்டி சகோதரர்கள் 1291-லேயே இரண்டு கப்பல்களோடு ஜிப்ரால்டரைத் தாண்டி இந்தியா போகிறோம் என்று கிளம்பினார்கள், திரும்பவே இல்லை. போர்ச்சுகல் 1415-ல் மொராக்கோ கரையில் உள்ள சியூட்டாவைப் பிடித்தது, 1434-ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள போஜடோர் முனையைத் தாண்டியது. அப்போது அவர்கள் மனதில் பெரிதாக இருந்தது மிளகு இல்லை, பொன். சகாரா பாலைவனத்தைத் தாண்டி ஒட்டகச் சாத்துகளில், அதாவது வணிகர்களின் ஒட்டகக் கூட்டங்களில், வந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொன். மாலி நாட்டு மன்னர் மூசா 1324-ல் மெக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் அள்ளிக் கொடுத்த பொன்னைப் பற்றிய பேச்சு ஐரோப்பா வரை போய், 1375-ல் வரைந்த கட்டலான் வரைபடத்தில் அவர் கையில் பொற்கட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொன்னை நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போய் வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

பொன்னைத் தேடிப் போனவர்கள் மனிதர்களையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1444-ல் தென் போர்ச்சுகலின் லாகோஸ் ஊரில் 235 பேரைக் கரையில் நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். பங்கு சமமாக வர வேண்டும் என்று தாயை ஒரு கூட்டத்திலும் பிள்ளையை இன்னொரு கூட்டத்திலும் நிறுத்தினார்கள், பிள்ளைகள் ஓடி வந்து தாயைக் கட்டிக்கொண்டார்கள் என்று இளவரசர் ஹென்றியைப் போற்றி எழுதிய அரசவை வரலாற்றாசிரியர் சுராராவே பதிவு செய்திருக்கிறார். இளவரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு, 46 பேர். கடல்பயணங்களின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது இந்த நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் கொலம்பஸுக்கு அரை நூற்றாண்டு முன்பே எல்லாம் எந்தத் திசையில் போகப்போகிறது என்பது அந்தக் கரையில் தெரிந்துவிட்டது.

துருக்கியரின் வெற்றியால் ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கருங்கடலில் ஜெனோவா வணிகர்களின் தளங்கள் கைமாறின, அவற்றில் ஒன்றான காஃபா 1475-ல் போனது. அவர்களுடைய பணமும் மாலுமிகளும் மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் நகர்ந்தார்கள். கொலம்பஸும் ஜெனோவாக்காரர்தான்.

கேள்வி: இடைக்காலத்தில் பூமி தட்டை என்று நம்பினார்களாம், கொலம்பஸ்தான் உருண்டை என்று நிரூபித்தாராம். உண்மையா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: இல்லை. பூமி உருண்டை என்பது படித்தவர்களுக்குக் கிரேக்கர் காலத்திலிருந்தே தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய பாடநூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல தலைமுறைகள் படித்தன, அதில் பூமி உருண்டைதான். கொலம்பஸோடு அறிஞர்கள் சண்டை போட்டது உருண்டை எவ்வளவு பெரியது என்பதில். கானரி தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்று அவர் கணக்குப் போட்டார், உண்மையில் 19,000-க்கும் மேல். அல்ஃபர்கானி என்ற வானியலாளர் அரபு மைலில் சொன்ன அளவை, அதைவிடச் சிறிய இத்தாலிய மைல் என்று எடுத்துக்கொண்டது இந்தப் பிழைக்கு ஒரு காரணம். எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி, நடுவில் அமெரிக்கா இல்லாமல் இருந்திருந்தால் அந்த மூன்று கப்பல்களில் போனவர்கள் தண்ணீரும் உணவும் தீர்ந்து செத்திருப்பார்கள்.

கேள்வி: கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் ஐரோப்பியர் மிளகுக்கு அலைந்தார்கள் என்கிறார்களே?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: யோசித்துப் பாருங்கள், கடல் கடந்து, பல கை மாறி வரும் மிளகையும் கிராம்பையும் வாங்க வசதி உள்ளவருக்குப் புது இறைச்சி வாங்க வசதி இருக்காதா? இறைச்சியைக் கெடாமல் வைக்க அவர்கள் உப்புப் போட்டார்கள், புகை போட்டார்கள். நறுமணப் பொருள் என்பது அந்தஸ்து, அதோடு மருந்தும்கூட. நம் வீடுகளில் இது சூடு, அது குளிர்ச்சி என்று பார்க்கிறோம் இல்லையா, அவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்: மீன் குளிர்ச்சி, ஈரம், மிளகு சூடு, வறட்சி, இரண்டையும் சேர்த்தால் உடம்பு சமநிலையில் இருக்கும். மருத்துவர் சொன்னதும் சமையல்காரர் செய்ததும் ஒன்றாக இருந்த காலம் அது.

கேள்வி: நாலு கப்பலில் கிளம்பி வந்த வாஸ்கோடகாமாவைக் கோழிக்கோட்டு அரசர் அன்றைக்கே விரட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே? ஏன் விட்டார்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: ஐயா, கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கோழிக்கோடு வாழ்ந்ததே யார் வந்தாலும் சுங்கம் கட்டி வியாபாரம் செய்யலாம் என்ற நம்பிக்கையில்தான். அதற்குச் சில தலைமுறைகளுக்கு முன்னால் சீனத் தளபதி செங் ஹோவின் பெரும் கப்பற்படையைப் பார்த்த துறைமுகம் அது. அந்தப் படையோடு ஒப்பிட்டால், 1498 மே மாதம் வந்து நின்றவர்களைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

காமா முதலில் கரைக்கு அனுப்பிய ஆளை வரவேற்றவர்கள் இரண்டு துனிஸ்காரர்கள், ஸ்பெயின் பேச்சும் ஜெனோவாப் பேச்சும் தெரிந்தவர்கள். எந்தப் பிசாசு உங்களை இங்கே கொண்டுவந்தது என்று கேட்டார்களாம். கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்தோம் என்றாராம் இவர். இது அந்தப் பயணத்தில் வந்த ஒருவரின் நாட்குறிப்பில் இருக்கிறது. அதே நாட்குறிப்பில் இன்னொன்று: வழியில் ஒரு கோயிலைத் தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய் வணங்கியிருக்கிறார்கள், சுவரில் இருந்த புனிதர்களுக்குப் பல் வெளியே நீட்டிக்கொண்டு நாலைந்து கைகள் இருந்தன என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசருக்குக் கொடுக்கக் காமா எடுத்து வைத்தது பன்னிரண்டு கோடு போட்ட துணி, நாலு சிவப்புத் தலைமூடி, ஆறு தொப்பி, நாலு சரம் பவளம், ஆறு கைகழுவும் பாத்திரம், ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகரே இதைவிட அதிகம் கொடுப்பார் என்று அரசரின் ஆட்கள் சிரித்தார்கள்.

போர்ச்சுகல் கொண்டுவந்த புதுமை வேறு. கப்பலில் பீரங்கி வைத்து, கடலில் போக என் சீட்டு வேண்டும் என்று சொன்னது. இந்தியப் பெருங்கடலில் கொள்ளையர் உண்டு, துறைமுகச் சண்டைகளும் உண்டு, ஆனால் நடுக்கடலில் போகும் எல்லா வணிகக் கப்பலும் ஒரே அரசனிடம் கர்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் பறிமுதல் என்பது யாரும் கேள்விப்படாதது. காமா இரண்டாம் முறை 1502-ல் வந்தபோது மெக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய மீரி என்ற கப்பலை மடக்கினார். கப்பலில் இருந்தவர்கள் பணம் தருகிறோம் என்றார்கள். பெண்கள் நகைகளைக் காட்டிக் கெஞ்சினார்கள், சிலர் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சில சிறுவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலை ஆட்களோடு எரித்தார். நேரில் பார்த்த போர்த்துகீசியரான தோமே லோப்பஸ் எழுதியது இது, வாழ்நாளில் மறக்க மாட்டேன் என்கிறார்.

முதல் பயணத்திலேயே விரட்டியிருந்தால் என்று கேட்டீர்கள். அந்தப் பயணம் கிட்டத்தட்ட தானாகவே அழியப் பார்த்தது. பருவக்காற்றுக்கு எதிராகக் கிளம்பியதால் வரும்போது 23 நாளில் தாண்டிய கடலைத் திரும்பும்போது தாண்ட மூன்று மாதம் ஆனது, ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயில் ஆட்கள் செத்து விழுந்தார்கள், ஓட்ட ஆளில்லாமல் ஒரு கப்பலை அவர்களே கொளுத்தினார்கள். சுமார் 170 பேர் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் ஊர் திரும்பியது. ஆனாலும் வழி தெரிந்துவிட்டதே. இவர் போயிருக்காவிட்டால் அடுத்தவர் வந்திருப்பார். கோழிக்கோடு அடங்கிவிட்டதாகவும் நினைக்காதீர்கள், சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் 1600 வரை கடலில் போர்ச்சுகலை எதிர்த்தார்கள்.

கேள்வி: 168 ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவின் இன்கா பேரரசையே பிடித்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: நம்ப வேண்டியதில்லை. 168 பேர் பிடித்தது ஓர் அரசரை. 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா ஊர்ச் சதுக்கத்தில் பெரும்பாலும் ஆயுதமில்லாமல் வந்த பரிவாரத்தின் மேல் குதிரையோடும் துப்பாக்கியோடும் பாய்ந்து இன்கா அரசர் அத்தஹுவால்பாவைச் சிறைபிடித்தார்கள். அப்போதுதான் அவர் தன் அண்ணன் தம்பிச் சண்டையில் ஜெயித்திருந்தார், நாடு ரெண்டுபட்டுக் கிடந்தது. அறை நிறையப் பொன்னை வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் அவரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு இன்காக்களை வெறுத்த கன்யாரி, வாங்கா போன்ற மக்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பெயின் பக்கம் நின்று சண்டை போட்டார்கள். மெக்சிகோவிலும் உள்ளூர்த் திலாஸ்காலா மக்களின் படையும் 1520-ல் பரவிய பெரியம்மையும் இல்லாமல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் ஜெயித்திருக்க முடியாது. பெருவில் கடைசி இன்கா அரசு, வில்கபாம்பா காட்டில், விழுந்தது 1572-ல். நாற்பது வருடம்!

கேள்வி: எங்களூரில் ஐரோப்பிய வம்சாவளியினரான பேர்கர் இனத்தவரைப் பறங்கியர் என்போம். தமிழ்நாட்டில் பூசணியைப் பறங்கிக்காய் என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரே சொல்தான். 1096-ல் கிளம்பிய முதல் சிலுவைப்போரில் ஜெருசலேமுக்கு வந்தவர்களில் பலர் பிராங்க் இனத்தார் நாட்டைச் சேர்ந்தவர்கள். அதனால் அரபுக்காரர்கள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் இஃப்ரஞ்ச் என்றார்கள், பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது. அந்தச் சொல் அரபு, பாரசீக வணிகர்களோடு நம் கடற்கரைக்கு வந்து, போர்த்துகீசியர் வந்து இறங்கியபோது பறங்கி என்று அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. பறங்கிப்பேட்டையும் பறங்கிமலையும் அவர்கள் இருந்த இடங்கள். பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொடி. பறங்கிப்புண் என்பது அதே கப்பல்களில் வந்த மேகநோய், அதற்கு மருந்தாகக் கொடுத்த சீனக் கிழங்குதான் பறங்கிப்பட்டை, நாட்டு மருந்துக்கடையில் இன்றும் கிடைக்கும்.

கூடவே மிளகாயையும் சொல்லிவிடுகிறேன். கொலம்பஸ் மிளகைத் தேடிப் போய், கரீபியனில் காரமான ஒரு காயைப் பார்த்து அதற்கு மிளகின் பெயரையே சார்த்தினார். அந்தக் காய் போர்த்துகீசியர் வழியாக மிளகு விளையும் நாட்டுக்கே வந்தபோது நாமும் மிளகு போலக் காரமான காய் என்றுதான் பெயர் வைத்தோம்.