கயுவ ஆளு கீறான்

அன்புள்ள அம்மா,

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கதை எழுத ஆசை. கதை எழுதுகிறவன் முதலில் மனிதர்களைப் பார்க்கப் பழக வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். எங்கள் பக்கத்துக் காபி ஷாப்புகளில் பார்க்க ஒன்றுமில்லை, எல்லோரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மே மாதம் ஞாயிறுதோறும் வடசென்னைக்கு வந்தேன். வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ, அப்புறம் ஆட்டோவில் காசிமேடு. ஒரு டீக்கடையில் பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து நோட்டில் குறிப்பெடுத்தேன். ஆண்கள் காலையிலிருந்து மதியம் வரை கேரம் ஆடுகிறார்கள், பேசுகிறார்கள், சும்மா கடலைப் பார்க்கிறார்கள். எங்களுக்கு வாய்க்காத நிதானம் அது. ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு அடங்கிவிடுகிறது.

நோட்டை வெளியே எடுக்கலாமா, கூடாதா? எந்த நேரத்தில் போனால் நல்லது? அவர்கள் பேசுகிற பாஷையை அப்படியே எழுதலாமா? பழைய சூழல் மாறாத கடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

வழக்கமாகக் கடிதங்களுக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகும். உங்களுக்கு மறுநாளே எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் உங்கள் கேள்விகள் இல்லை. போகிற போக்கில் பேப்பர் கப்பில் டீ வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எங்கள் தெருமுனைக் கடையில் போன வாரம் கண்ணாடிக் கிளாஸை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். மே மாதம் காசிமேட்டுக்குப் போயிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்கிற பருவம் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளைக் கடலுக்கு விட மாட்டார்கள். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். கட்டுமரமும் ஃபைபர் படகும் போகும். விசைப்படகில் பங்குக்கும் கூலிக்கும் போகிறவர் கரையில்தான் கிடக்க வேண்டும். நீங்கள் நிதானம் என்று எழுதிக்கொண்டது வருமானமில்லாத நாட்களை. சும்மா கடலைப் பார்த்தார்களாம். கட்டிப்போட்டிருக்கிற படகைப் பார்த்திருப்பார்கள், வாங்கின வட்டிப் பணத்தை மனசுக்குள் எண்ணியிருப்பார்கள். நாலு ஞாயிறு போய் உட்கார்ந்த மனுஷனுக்கு, பக்கத்தில் இருந்தவரிடம் ‘இன்னைக்கு ஏண்ணா போகலை?’ என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? ஜூன் கடைசியில் விடிகிறதற்கு முன் அதே கடைக்குப் போங்கள். உங்கள் நிதானக்காரர்களில் ஒருவர் ஐஸ் பெட்டியோடு உங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏலத்துக்கு ஓடுவார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பார், பார் என்று மேடையில் சொன்ன எனக்கும் இதில் பங்கு உண்டு. வாயைத் திறந்து கேள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்.

பாஷையை அப்படியே எழுதலாமா என்பதை, அது உங்கள் காதில் விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த நேரம் நல்லது என்கிறீர்கள். டீ குடிக்க ராகு காலம் எமகண்டமா?

பேப்பர் கப்புக்கு வருகிறேன். பேச்சு ஏன் அடங்கியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கண்ணாடிக் கிளாஸ் கடைக்காரருடையது. அதைக் கையில் வாங்கிவிட்டால், திருப்பிக் கொடுக்கிறவரை நீங்கள் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஐந்து நிமிஷம் அந்தக் கடைக்கு நீங்கள் கடன்பட்டவர். பக்கத்தில் நிற்கிறவரும் அப்படியே மாட்டிக்கொண்டவர். கிளாஸ் சுடும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற வேண்டும், ஊத வேண்டும். ஊதுகிற சந்தில் ‘இன்னா வெயிலு’ என்று ஒரு வார்த்தை விழும். அதற்கு ஒரு ‘ம்’ போடுவீர்கள். அவர் வீட்டு மோட்டார் ரிப்பேர் வரைக்கும் பேச்சு போய்விடும். பேப்பர் கப் அப்படியில்லை, காசு கொடுத்ததும் அது உங்கள் சொத்து. எடுத்துக்கொண்டு ஓரமாகப் போகலாம், முதுகைக் காட்டலாம், நோட்டைப் பிரிக்கலாம். யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அந்தக் கடையில் கிளாஸும் இருந்திருக்கும். நீங்கள்தான் பேப்பர் கப் கேட்டு வாங்கியிருப்பீர்கள். ஒழுங்காகக் கழுவியிருப்பார்களோ மாட்டார்களோ என்று. இல்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், கிளாஸை நீங்கள் பார்த்த அந்தப் பார்வையைக் கடையே பார்த்திருக்கும். பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது. நோட்டின் மேல் பழி போடாதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். என் அப்பாவால்.

அவருக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். பெரம்பூரில் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பங்காளி ஒருவர் போட்ட கார்டை நம்பி வந்தவர். வந்த அன்று காலை மில் வாசல் கடையில் டீ குடித்தார். குடித்து முடித்ததும் கிளாஸை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். ஊரில் அதுதான் பழக்கம். டீக்கடைக் கூரையில் எங்கள் ஆட்களுக்கென்று அலுமினியக் குவளை செருகியிருக்கும். நாமே எடுத்து நீட்டி, எட்ட இருந்து ஊற்றுவதை வாங்கி, குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டு வர வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறை என்று பத்திரிகைகளில் எழுதுவார்களே, அதுதான். பெரம்பூர் மாஸ்டர் இவரைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

‘யோவ், உன்னை யாரு கயுவச் சொன்னது? கயுவ ஆளு கீறான். வெச்சிட்டுப் போ.’

நடந்தது இவ்வளவுதான். மாஸ்டருக்கு இது மறுநாள் ஞாபகம் இருந்திருக்காது. புது ஆள் கிளாஸை உடைத்துவிடப் போகிறான் என்று கத்தியிருப்பார். அப்பா அதை ஆயுசு முழுக்கச் சொன்னார். குடித்துவிட்டுச் சொன்னார், குடிக்காமலும் சொன்னார். மில்லில் வேலை கிடைத்த கதையைக்கூட இத்தனை தடவை சொன்னதில்லை. ‘கீறான்’ என்ற இடம் வந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார். சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் எங்கள் அண்ணன் இதே வசனத்தைச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்குவான்.

உடனே வடசென்னையைச் சமத்துவபுரி என்று நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்களை மையமாக வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இரண்டு பேரும் வியாபாரிகள். தங்களிடம் வந்துபோன தொழிலாளிகளின் புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் அந்தப் புலம்பலில் ஒன்று. ஆனால் மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்த ஒற்றுமை சாதிவாரியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அப்பா வந்தபோதும் வாடகைக்கு வீடு கேட்டால் எந்த ஊர், யார் ஆட்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பேசினார்கள். டீக்கடையில் மட்டும் விசாரிக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது அந்த ஒரு கிளாஸை.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் இல்லை. பெண்பிள்ளைக்குக் கடையில் இடம் பாய்லர் ஓரம், கையில் தூக்கோடு. அப்பா ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற நாட்களில் காலையில் டீ வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். கிளாஸ்காரர்களுக்கு எல்லாம் ஊற்றி முடித்த பிறகுதான் மாஸ்டர் தூக்கைப் பார்ப்பார், கால் மணி நேரம் ஆகும். ஒன்பது வயசு உயரத்துக்கு யார் முகமும் தெரியாது, கைதான் தெரியும். மில் ஆட்களின் முழங்கை மயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கு நகக்கண் கறுப்பு, எந்த சோப்புக்கும் போகாது. இவர்களெல்லாம் கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடிப்பார்கள். மூட்டை தூக்குகிறவர் உள்ளங்கையால் அப்படியே பொத்திப் பிடிப்பார், அவருக்குச் சுடாது. வேலை போனவர் கையும் எனக்கு அடையாளம் தெரியும். காலி கிளாஸைக் கீழே வைக்கவே வைக்காது. வைத்துவிட்டால் கிளம்ப வேண்டுமே.

அப்புறம் இன்னொரு கை. பாய்லருக்குப் பின்னால் இரண்டு வாளி. ஒன்றில் அலசி, இன்னொன்றில் முக்கி எடுத்துக் கவிழ்ப்பான். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, சுருங்கி, கிழவன் விரல் மாதிரி இருக்கும். என்னைவிட ஒரு வயசோ இரண்டு வயசோ பெரியவன். எங்கள் அப்பா ஊர்ப் பக்கத்துப் பையன் என்று பின்னால் தெரிந்தது. அப்பாவின் கதையில் ‘ஆளு கீறான்’ என்று ஒரே ஒரு சொல்லாக வந்துபோகிறவன் இவன் மாதிரி ஒருத்தன்தான். ஒருநாள் அப்பா கதையைச் சொல்லிச் சிரித்தபோது, ‘அந்தப் பையன் பேரு என்னப்பா?’ என்று கேட்டேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ‘எந்தப் பையன்?’ என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அந்தக் கதை வீட்டில் வரவில்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று சில சமயம் தோன்றும். கேட்டது சரிதான் என்றும் தோன்றும்.

கொரோனா சமயத்தில் கிளாஸை ஒதுக்கினார்கள், நோய் போன பிறகும் பல கடைகளில் அது திரும்பவில்லை. கழுவ ஆள் கிடைப்பதில்லை என்கிறார் எங்கள் தெருமுனைக் கடைக்காரர். அதைக் கேட்டு வருத்தப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் 12 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘சரிம்மா, நீ எந்தக் கடையில நின்னு கிளாஸ்ல குடிச்ச?’ என்றாள். வாயடைத்துப் போய்விட்டது. டீக்கடை வாசலில் நின்று நான் முதல்முதலாக டீ குடித்தது நாற்பது வயசுக்கு மேல். அதுவும் பேப்பர் கப்பில்தான், ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டு, யாராவது முறைத்தால் கிளம்பிவிடலாம் என்ற தைரியத்தில். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருகிற பெண்கள் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கூட்டமாக நின்று குடிப்பதும் அதில்தான். சரி, பேப்பர் கப்புக்கு ஒரு மார்க் போடுகிறேன். அதற்கு மேல் கிடையாது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று, இன்றைக்கும் அதைத்தான் கோபுரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் பெண்களைப் பற்றி ஒரு வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் மீன்காரம்மாக்கள் அன்னக்கூடைப் பக்கத்தில் குந்திக்கொண்டே டீ குடிப்பார்கள். தடைக்காலத்திலும் ஃபைபர் படகு மீன் வரும், அவர்களும் வருவார்கள். கேரம் போர்டு மறைத்துவிட்டதோ என்னவோ.

பழைய சூழல் மாறாத கடை கேட்டீர்கள். ஒன்று தெரியும், சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு அங்கே பத்து பேர் கேமராவோடு நிற்பீர்கள். டீ மாஸ்டர் ஒரு கோபக்காரர், அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்.

நோட்டுதான் உங்கள் முதல் கேள்வி, அதை மறந்தே போனேன். தாராளமாக எடுங்கள். டீக்கடையில் பேனா வெளியே வந்தால் யாராவது ஒருத்தர் ஃபாரத்தோடு வருவார், ரேஷன் கார்டுக்கோ லோனுக்கோ. நிரப்பிக் கொடுங்கள். பேனாவை மட்டும் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். எனக்கு இதுவரை மூன்று போயிருக்கிறது.