350 இசட் காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றினால் பவர் எவ்வளவு கூடும்?

கேட்டவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். 2006 மாடல் நிசான் 350 இசட் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். எக்ஸாஸ்டில், அதாவது புகைக்குழாய் வரிசையில், ஹெடர் (இன்ஜினை ஒட்டிய முதல் குழாய்) முதல் பின் சைலன்சர் வரை எல்லாவற்றையும் மாற்றினால் 50 குதிரைத்திறன் கூடும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். அது உண்மையா, எதில் ஆரம்பிக்கலாம் என்பது கேள்வி.

அவ்வளவெல்லாம் ஏறாது. நண்பரிடம் அன்போடு சொல்லிவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 2004 மாடல். ஆறு வருடத்தில் மூன்று முறை எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறேன். அதில் இரண்டு முறை வெட்டிச் செலவு. இந்தப் பதிலே அந்தச் செலவில் விளைந்ததுதான்.

350 இசட்டில் இருப்பது டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத 3.5 லிட்டர் வி6. 2003 மாடலாக வந்தபோதே 287 குதிரைத்திறன். கம்பெனி போட்ட குழாய் ஒன்றும் அவ்வளவு மோசமானதல்ல. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) பின்னால் இருப்பதை மட்டும் மாற்றும் 'கேட்-பேக்' போட்டால் ஐந்திலிருந்து பத்து வரை கூடலாம், அதுவும் இன்ஜின் உச்சத்தில் சுற்றும்போது. என் வண்டியை டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) ஏற்றிப் பார்த்ததில் ஏழு கூடியிருந்தது. ஆனால் அதே நாளில், எதையுமே மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டிய இரண்டு ஓட்டத்துக்கு நடுவிலேயே மூன்று, நான்கு வித்தியாசம் வந்தது. அந்த ஏழு குதிரைத்திறனை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே பாருங்கள்.

நண்பர் சொன்ன 50 எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. டர்போ வண்டிக்காரர்களின் கணக்கு அது. டர்போவுக்குள் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம்தான் டர்போவைச் சுழற்றுகிறது. பின்பக்கம் அடைப்பைக் குறைத்தால் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) சீக்கிரம் ஏறும், அதற்குத் தகுந்த மாதிரி இன்ஜின் கம்ப்யூட்டரையும் ட்யூன் செய்தால் நன்றாகவே கூடும். 2019-ல் வந்த புது டொயோட்டா சூப்ரா என்ற டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் டவுன்பைப் (டர்போவை ஒட்டிய குழாய்) மாற்றிவிட்டு எண்களை அள்ளி விடுவது இதனால்தான். அதுவும் ஆறு சிலிண்டர், நம்முடையதும் ஆறு சிலிண்டர் என்று அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

சரி, பிறகு எதற்கு மாற்றுவது? சத்தத்துக்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகு எதை வாங்குவது என்பது சுலபமாகிவிட்டது.

வி6 சத்தத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஆறு சிலிண்டரும் ஒவ்வொரு முறை வெடிக்கும், அதாவது 120 டிகிரிக்கு ஒன்று. இந்த இன்ஜினில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், வெடிப்பு இடது, வலது என்று மாறி மாறி நடக்கும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 240 டிகிரிக்கு ஒரு வெடிப்புதான், கிட்டத்தட்ட ஒரு மூன்று சிலிண்டர் இன்ஜின். இரண்டு பக்கமும் கடைசி வரை சேராமல் தனித்தனிக் குழாயில் வெளியே போனால் (இதை 'ட்ரூ டூயல்' என்பார்கள்) உங்கள் காதில் விழுவது மூன்று சிலிண்டர் வண்டி இரண்டு சண்டை போடும் சத்தம். 350 இசட்டைப் பார்த்துத் தகர டப்பா என்று மற்றவர்கள் கிண்டல் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு குழாயும் நடுவில் ஒய் அல்லது எக்ஸ் வடிவத்தில் கலந்தால்தான் அது ஆறு சிலிண்டர் போலப் பாடும். கலக்கும் இடம் வரை இரு பக்கமும் ஒரே நீளம் இருந்தால் இன்னும் நல்லது.

இது தெரியாமல் நான் முதலில் வாங்கியது ட்ரூ டூயல்தான், செகண்ட் ஹேண்டில். கராஜில் ஸ்டார்ட் செய்தபோது உடம்பு சிலிர்த்தது. மூன்று நாள் காரணமே இல்லாமல் ஸ்டார்ட் செய்தேன். நான்காம் நாள் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு 280 ஃப்ரீவேயில் போனேன். அவர் திருச்சியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 70 மைல் வேகத்தில், ஆறாவது கியரில், காருக்குள் ஒரு பெரிய வண்டு புகுந்த மாதிரி ஒரே ரீங்காரம், மண்டைக்குள் அழுத்துகிற மாதிரி. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டா, சத்தத்தைக் குறைக்கக் காசு குடுப்பாங்க, நீ கூட்டறதுக்கா குடுத்த?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இந்த ரீங்காரத்துக்குப் பெயர் 'ட்ரோன்'. 70 மைலில் இந்த வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றில் ஓடும். ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு என்றால் நொடிக்கு 125. அந்த 125 ஹெர்ட்ஸ் காரின் உடம்போடு ஒத்து அதிரும்போதுதான் தலைவலி. அதற்கு ஒரு அருமையான வைத்தியம் உண்டு. பிரதான குழாயிலிருந்து பக்கவாட்டில், முனை மூடிய ஒரு கிளைக் குழாயை வெல்டிங் செய்துவிடுவது. அதன் நீளம் அந்த அலையின் கால் பங்காக இருந்தால், உள்ளே போன அலை முட்டித் திரும்பி வரும்போது நேர் எதிராக வந்து சத்தத்தை அடித்துவிடும். 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 480 மீட்டர், அப்படியானால் கால் அலை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூடிய குழாய்க்குள் வாயு ஆறிவிடுவதால் நிஜத்தில் இன்னும் குட்டையாகத்தான் வேண்டும். எனக்கு 80 சென்டிமீட்டரில் சரியாக வந்தது. என் மொத்தச் செலவில் உருப்படியானது இது ஒன்றுதான்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தொடாதீர்கள். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், ஸ்கேன் செய்தால் பி0420, பி0430 என்று இரு பக்கத்துக்கும் பிழைக் குறியீடு வரும், சிக்னலில் நின்றால் உங்கள் புகை உங்களுக்கே நாறும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஸ்மாக் டெஸ்டுக்கு (அரசின் புகைச் சோதனை) போக வேண்டிய வண்டி இது. அங்கே கம்ப்யூட்டரையும் பார்ப்பார்கள், கீழே குனிந்தும் பார்ப்பார்கள். வேறு கன்வர்ட்டர் போடுவதென்றால் உங்கள் மாடலுக்கென்று கலிஃபோர்னியா காற்று வாரியம் கொடுத்த அனுமதி எண் அதற்கு இருக்க வேண்டும். கேட்-பேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 95 டெசிபலுக்கு மேல் போனால் போலீஸ் டிக்கெட் கொடுக்கலாம். லகுனா சேகா ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆசை இருந்தால் இன்னும் கவனம். அங்கே பல நாட்களில் 90 அல்லது 92 டெசிபல்தான் வரம்பு, ஓரத்தில் மீட்டர் வைத்து அளப்பார்கள். அந்த மீட்டரைத் தாண்டும்போது மட்டும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நல்லவர்கள் உண்டு.

வாங்கும்போது 304 ஸ்டீலா 409-ஆ என்று கேளுங்கள். கையில் ஒரு காந்தம் இருந்தால் போதும், 409 பிடிக்கும், 304 பெரும்பாலும் பிடிக்காது. 409 மேலாகத் துருப்பிடித்தாலும் பல வருடம் உழைக்கும், மட்டமில்லை.

நீங்களே மாட்டுவதென்றால் போல்ட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் புகை வந்தால் பயப்பட வேண்டாம், புதுக் குழாயில் இருக்கும் எண்ணெய் எரிகிறது. நூறு மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்குங்கள். நான் முறுக்கவில்லை, ஒரு கேஸ்கெட் போயிற்று.

ஆகவே உங்களுக்கு என் சிபாரிசு, நடுவில் ரெசனேட்டர் (ரீங்காரத்தைத் தணிக்கும் பெட்டி) இருக்கிற, இரு பக்கமும் ஒன்றாகக் கலக்கிற ஒரு கேட்-பேக். வீடியோவில் கேட்டுவிட்டு வாங்காதீர்கள், மைக்கில் ட்ரோன் தெரியாது. அதே எக்ஸாஸ்ட் போட்ட வண்டி வைத்திருப்பவரைப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, 70 மைலில் ஆறாவது கியரில் இருபது நிமிடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரையும் ஒரு நடை அதில் அனுப்பிப் பாருங்கள்.