தென்னந்தோப்பில் குரங்குக் கூட்டம்: விரட்டியும் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: ஆனைமலை அடிவாரத்தில் நாலு ஏக்கர் தென்னை, காட்டை ஒட்டி ஒரு ஏக்கர் மக்காச்சோளம் இருக்கிறது. குரங்குகள் தினமும் இறங்கி இளநீரைக் கடித்துப் போடுகின்றன, கதிரை ஒடிக்கின்றன. வெடி வைத்தோம், பொம்மை வைத்தோம், கறுப்பு முகக் குரங்கின் படத்தைத் தட்டியில் கட்டினோம். பத்து நாள்தான் பயப்படுகின்றன. கூண்டில் பிடித்து மலைக்கு மேலே விட்டுவிடலாமா?

பதில்: ஐயா, முதலில் கீழே கிடக்கும் காய்களை ஒரு கூடையில் பொறுக்கிப் பாருங்கள். காம்பை ஒட்டி வட்டமாக ஒரே ஓட்டை இருந்தால் அது எலி வேலை. மட்டை நார்நாராகக் கிழிந்து பல் பதிந்திருந்தால்தான் குரங்கு. நான் பார்த்த பல தோப்புகளில் எலி தள்ளிய காயும் குரங்குக் கணக்கில்தான் சேர்ந்திருந்தது. எலிக்கு வேறு வழி, மரத்தைச் சுற்றித் தகடு அடிப்பது. ஓலையோடு ஓலை கோத்துக்கொண்ட தோப்பில் குரங்குக்கு அந்தத் தகடு ஒரு பொருட்டே இல்லை.

உங்களிடம் வருவது நாட்டுக்குரங்கு. உச்சந்தலை மயிர் வகிடு எடுத்துக் குல்லாய் போட்டதுபோல் இருக்கும். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம் இது. நீங்கள் படம் கட்டிய கறுப்பு முகக் குரங்கு வேறு இனம். பழந்தமிழில் அதற்கு முசு என்று பெயர். மந்தி என்றால் அப்போது பெண் குரங்கு, கடுவன் என்றால் ஆண். முசுவின் வயிறு மாட்டின் வயிறுபோல அறைகளாகப் பிரிந்திருக்கும். இலையை அதில் புளிக்கவைத்துச் செரிக்கும். நாட்டுக்குரங்குக்கு அந்த வசதி கிடையாது, பழம், விதை, பூச்சி என்று சத்தானதாகத் தேடும். இரண்டும் ஒரே காட்டில் பழகியவை. முசுவைக் கண்டு இது பயப்படாது. முசு சிறுத்தையைப் பார்த்துக் கத்தினால் அந்தக் குரலுக்குத்தான் ஓடும். முதுமலையில் ஆய்வாளர்கள் புள்ளி போட்ட சிறுத்தை உருவத்தைக் காட்டியபோதும் நாட்டுக்குரங்குகள் கத்திக்கொண்டு ஓடி மரம் ஏறின. ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் உருவம் கடிக்காது என்று சீக்கிரமே கற்றுக்கொள்ளும். பொம்மை வைப்பதானால் மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், நடுவில் சில நாள் எடுத்தும் வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுக்குரங்குக்குக் கன்னத்தின் உள்ளே ஒரு பை உண்டு. சோளக்காட்டில் உட்கார்ந்திருக்கும் குரங்கைக் கொஞ்சம் கவனியுங்கள். மென்று தின்னாது. கதிரை உரித்து, மணியைப் பல்லால் உருவி, கன்னத்தில் அடைத்துக்கொண்டே போகும். கழுத்து வரை புடைத்துவிடும். சில நிமிடம்தான், அப்புறம் மரத்தில் ஏறி, புறங்கையால் கன்னத்தை அழுத்தி, நிதானமாகத் தின்னும். நீங்கள் கம்போடு ஓடி வரும்போது அது ஏற்கெனவே நிரப்பிக்கொண்டுவிட்டது. நம் கணக்கில் விரட்டிவிட்டோம், அதன் கணக்கில் சாப்பாடு கிடைத்துவிட்டது. அதனால்தான் மறுநாளும் வருகிறது. காவல் நிற்க வேண்டியது சோளத்துக்குள் அல்ல, காட்டோரத்தில், அவை இறங்குவதற்கு முன்னால். இரவு முழுக்க உயர்ந்த மரங்களில் தூங்கும், இருட்டில் வராது. விடிந்த பிறகும் வெயில் தாழ்ந்த பிறகும் ஆள் இருந்தால் காவலில் பெரும்பகுதி முடிந்தது. இரண்டு பேர், ஒரு நாய் போதும். நேருக்கு நேர் முறைக்காதீர்கள், அதன் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு.

கூண்டு வேண்டாம் ஐயா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். விஷமும் வேலிக் கம்பியில் நேரடி மின்சாரமும் கண்டிப்பாகக் கூடாது, அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருப்பவை, ஆண்கள்தான் வளர்ந்ததும் கூட்டம் மாறும். நாலு கடுவனைப் பிடித்தால் வேறு நாலு வந்து சேரும். மேலே கொண்டுபோய் விட்டதும் பழக்கப்பட்ட தீனியைத் தேடி அடுத்த ஊர்த் தோட்டத்தில் இறங்கும். மேலே சோலைக்காடு சுருங்கிச் சுருங்கி, சிங்கவால் குரங்கே கிடைத்த துண்டுக் காட்டில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே இவற்றைக் கொட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆழியாறு சாலையில் காரை நிறுத்திச் சிப்ஸ் போடுகிறவர்களையும் பஞ்சாயத்தில் பேசித் தடுக்கப் பாருங்கள். மனிதக் கையில் வாங்கித் தின்ற குரங்குக்கு ஆள் பயம் போய்விடும்.

குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

அடுத்த போகத்தில் மக்காச்சோளத்தைக் காட்டோரத்தில் போடாதீர்கள். அந்தப் பட்டையில் மஞ்சள் போடலாம், இவை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. சோளத்தை வீட்டுப் பக்கம் தள்ளினால் அவை திறந்த வெளியைக் கடந்துதான் வர வேண்டும், நாய்க்கும் நேரம் கிடைக்கும். ஒரு வாரம் எந்த மூலையில், எத்தனை மணிக்கு இறங்குகின்றன என்று குறித்து அனுப்புங்கள். மண் வகை, தண்ணீர் வசதி இரண்டையும் சேர்த்து எழுதினால் எந்த ரக மஞ்சள், எவ்வளவு அகலப் பட்டை என்று சொல்கிறேன்.